பெற்றோர் மறைந்தபின் குடும்ப உறவு: திருச்சபையின் பணி

வயது முதிர்ந்த பெற்றோரை இழத்தல் எல்லார்க்கும் இயல்பாக நேருவது. அக்காரணத்தாலேயே சபை அதற்கு அதிகக் கவனம் செலுத்துவதில்லை. இளவயதில் மரித்தவருக்காகச் சபை முழுவதும் கலங்குகிறது. எண்பது வயதுத் தாய் மரிக்கும்போதோ, நிறைவான வாழ்வு என்று கூறி, அடக்க ஆராதனையையும் அதன் பின்வரும் ஆறுதல் ஜெபத்தையும் நடத்தி, நம் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். ஆயினும் ஆயர்கள் பலர் அறிந்த ஓர் உண்மை உண்டு. தாயின் கல்லறையைச் சுற்றி ஒன்றாக நின்ற பிள்ளைகள், மறு ஆண்டு கல்லறைத் திருநாளில் அதே இடத்திற்குத் தனித்தனியே வருகிறார்கள். இடைப்பட்ட ஓராண்டில் அக்குடும்பத்தில் நிகழ்வது என்ன, அதில் சபைக்குரிய பணி யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இழப்பின் இரு முகங்கள்

பெற்றோர் மறையும்போது பிள்ளைகள் இரண்டை இழக்கிறார்கள். ஒன்று, அன்பிற்குரிய ஆள். மற்றொன்று, அவ்வாள் குடும்பத்தில் வகித்த இடம். அண்ணனும் தங்கையும் நேரே பழகுவதாக எண்ணியிருப்பார்கள். உண்மையில் ஒருவர் செய்தி மற்றவருக்குத் தாய் வழியாகவே சென்றிருக்கும். மூத்த மருமகளின் மனக்குறையும் இளையவனின் கடனும் அவள் காதோடு நின்றிருக்கும். அவள் மறைந்தபின் ஒருவரையொருவர் நேரே சந்திக்க வேண்டிய நிலை முதன்முறையாக உண்டாகிறது. அதற்கான பழக்கம் அவர்களுக்கு இல்லை.

மகளின் நிலை இன்னும் கடினமானது. நேற்றுவரை அம்மா வீட்டிற்குப் போகிறேன் என்று சொன்னவள், இன்று அண்ணன் வீட்டிற்குப் போகிறேன் என்று சொல்ல வேண்டியவளாகிறாள். வீடு அதுவே, சொல் மாறிவிட்டது. கேளாமல் சென்று தங்கிய இடத்திற்கு இனி அழைப்பு வேண்டும். இதனை அவள் வெளியே சொல்லி அழவும் முடிவதில்லை.

நம் இலக்கியம் இவ்விரு இழப்பையும் நன்கு அறியும். புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரியின் மகளிர் தந்தையை இழந்ததையும் குன்றை இழந்ததையும் ஒரே மூச்சில் சொல்லி அழுகின்றனர். அவர்களுக்காகத் தந்தையின் நண்பரான கபிலர் தந்தை நிலையில் நின்று, விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணம் பேசினார். அவ்விருவரும் மறுத்தனர். ஒரு மரணம் பழைய உறவைக் குலைத்து, புதியதொரு பொறுப்பை ஒருவர் தோளில் ஏற்றியதை அங்கே காண்கிறோம்.

துக்கம் தனக்குரிய காலத்தை எடுத்துக்கொள்ளும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே சான்று உண்டு. பாரதியார் ஐந்து வயதில் தாயையும், 1898இல் தந்தையையும் இழந்தார். பின்னர்க் காசியிலிருந்த அத்தையின் இல்லம் அவருக்குப் புகலிடமாயிற்று. தந்தையின் மறைவையும் அதனால் வந்த வறுமையையும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றுப் பாடலில் எழுதி வெளியிட்டது 1910இல், புதுச்சேரியில் வாழ்ந்தபோது. இடையே சென்றவை பன்னிரண்டு ஆண்டுகள்.

அரியாங்குப்பத்தின் நிலை

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, ஆற்றைக் கடந்ததும் அமைந்துள்ள அரியாங்குப்பம் போன்ற ஊரில் இம்மாற்றம் தனிச்சிக்கல் உடையது. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் நீங்கிற்று. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் முடிவுற்றது. அப்பொழுது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இப்பகுதி மக்களுக்கு அளிக்கப்பட்டது. அதன் பயனாக, ஒரு பிள்ளை இங்கும் ஒரு பிள்ளை பிரான்சிலுமாக வாழும் குடும்பங்கள் புதுச்சேரிப் பகுதியில் தோன்றின. பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரும் உண்டு.

இத்தகைய குடும்பத்தில் ஒருவர் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்திருப்பார். மற்றவர் மருந்துக்கும் வீட்டுக்கும் பணம் அனுப்பியிருப்பார். தாய் உயிரோடிருந்தவரை இரண்டும் அவளுக்கான அன்பாகவே இருந்தன. அவள் மறைந்தபின் ஒன்றையொன்று எடைபோடும் கணக்காக மாறுகின்றன. துக்கத்தின் காலமும் வேறுபடுகிறது. அருகிலிருந்தவர் நோயின் நாட்களிலேயே பாதி அழுதுவிட்டார். அயல்நாட்டிலிருந்து சில மாதம் கழித்து வருபவரோ வெறுங்கட்டிலைக் கண்டபிறகே அழத் தொடங்குகிறார். முன்னவரைக் கல்நெஞ்சர் என்று இவரும், பின்னவரை வேடமிடுபவர் என்று அவரும் தவறாக எண்ண இடமுண்டு.

துக்கத்தை ஆராய்ந்தோரின் கருத்தும் இதற்குத் துணைசெய்கிறது. இறந்தவரோடுள்ள பற்றை அறுத்துக்கொள்வதே தேறுதல் என்று முன்னாளில் கருதினர். 1990களிலிருந்து, அவ்வுறவு அறுபடாமல் வேறு வடிவில் தொடர்வதே பலருக்கும் இயல்பு என்ற கருத்து வலுப்பெற்றது. துக்கம் எல்லார்க்கும் ஒரே படிவரிசையில் நடப்பதன்று என்பதும் இன்று ஏற்கப்பட்டுள்ளது. எனினும், 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேலாகவும், அவரவர் பண்பாட்டு வழக்கத்திற்கு மிஞ்சியும், அன்றாட வாழ்வையே முடக்கும் துக்கத்தை மருத்துவ உதவிக்குரியதாகக் கொள்கிறது. இத்தகையோரை மருத்துவரிடம் அனுப்புவது விசுவாசக் குறைவு ஆகாது.

திருமறை காட்டும் வழி

தந்தையின் மரணத்தால் உறவு அசைவதை யோசேப்பின் வரலாற்றைப்போல் தெளிவாகக் காட்டும் பகுதி வேறில்லை (ஆதி. 50:15-21). யோசேப்பு சகோதரரை ஏற்கெனவே மன்னித்திருந்தான். யாக்கோபு எகிப்தில் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தான். அதுவரை அமைதி நிலவிற்று. தந்தையை அடக்கம் செய்தவுடனே பழைய அச்சம் சகோதரரிடம் எழுந்தது. அவர்கள் நேரே வராமல் ஆளனுப்பினர். மறைந்த தந்தையின் கட்டளை என்று ஒன்றைச் சொல்லியனுப்பினர். யாக்கோபு அப்படிச் சொன்னதாக முன் அதிகாரங்களில் எங்கும் காணோம். தந்தை இல்லாதபோதும் தந்தை வழியாகவே பேச முயல்கிறார்கள் என்பதே இங்கு நாம் கவனிக்கத்தக்கது. யோசேப்பு அழுதான். பின்பு அவர்களோடு நேரே பேசினான். அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் பராமரிப்பதாக வாக்களித்தான். அதுகாறும் தந்தையின் நிழலில் நின்ற சமாதானம் அன்றுதான் சகோதரர்களுக்குச் சொந்தமாயிற்று.

சொத்துப் பிரிவினையில் ஆயர் தலையிடலாகாது என்போர் லூக்கா 12:13-15ஐ எடுத்துக்காட்டுவர். பாகம் பிரிப்பவராக இருக்க ஆண்டவர் மறுத்தது மெய்யே. ஆயினும் அவர் அத்துடன் நின்றுவிடாமல், பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். மேலும், தகப்பனை இழந்த செலொப்பியாத்தின் குமாரத்திகள் தங்கள் பங்கைக் கேட்டபோது, அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே தீர்ப்பளித்தார் (எண். 27:1-11). எனவே ஆயர் பாகம் பிரிப்பவர் ஆகார். நியாயத்தைக் குறித்து வாய்மூடியிருப்பவரும் ஆகலாகாது.

பங்கும் நியாயமும்

தாயோ தந்தையோ மறைந்த சில வாரங்களுக்குள் மகளிரிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்கும் வழக்கம் நம் சபையாரிடத்தும் உண்டு. கையொப்பமிட மறுப்பவள் சமாதானத்தைக் கெடுத்தவள் எனப்படுகிறாள். அழுத கண்ணோடு இடும் கையொப்பத்தை மனமுவந்த ஈகை என்று கொள்ள இயலாது.

மேரி ராய் அம்மையாரின் வழக்கை இங்கு நினைவுகூரலாம். 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம், மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் குறைந்ததையே மகளுக்குத் தந்தது. மறைந்த தந்தையின் சொத்தில் சமஉரிமை கோரி அவர் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரல் 1 முதல் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே அங்குப் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1986 பிப்ரவரி 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. அச்சட்டத்தில் மகனும் மகளும் சமம். கிறிஸ்தவ வீட்டு மகள் ஒருத்தி, தன் வீட்டில் கிடைக்காத நீதியைத் தேடி நாட்டின் உயர்ந்த மன்றம்வரை செல்ல நேர்ந்தது நாம் சிந்திக்க வேண்டியதாகும்.

புதுச்சேரியில் மேலும் ஒரு விழிப்பு வேண்டும். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றோர் ரெனோன்சான் எனப்பட்டனர். அச்சட்டம் பிள்ளைகளை ஆண் பெண் வேறுபாடின்றி நடத்துகிறது. உயில் எழுதியும் பிள்ளைகளின் பங்கை முற்றிலும் நீக்க அது இடந்தராது. ஆகவே அண்டை வீட்டுக் கிறிஸ்தவருக்குப் பொருந்தும் சட்டமே இவ்வீட்டிற்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. தங்களுக்குரிய சட்டம் எதுவென்று அறிந்த வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுமாறு சொல்வதே ஆயரின் கடமை.

சபை செய்யத்தக்கவை

முதலாவது, மரணத்திற்குப் பின் ஓராண்டளவும் சந்திப்பு தொடர வேண்டும். மூத்த மகன் வீட்டிற்கு மட்டும் செல்லாமல், வேறூரில் வாழும் மகளையும், அயல்நாட்டில் இருப்பவரையும் கடிதத்தாலேனும் தொலைபேசியாலேனும் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, சட்டம் கெடு விதித்தாலன்றி, துக்கத்தின் முதல் மாதங்களில் எப்பத்திரத்திலும் கையொப்பமிட வேண்டாம் என்று அடக்கம் முடிந்த அடுத்த சந்திப்பிலேயே குடும்பத்தார் அனைவர் முன்பும் சொல்லலாம். பின்னர்ச் சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்ததாகத் தோன்றும்.

மூன்றாவது, எஞ்சியிருக்கும் தாயையோ தந்தையையோ பிள்ளைகள் முறைவைத்து வீடு மாற்றும்போது, அவருடைய விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டறிய வேண்டும்.

நான்காவது, கொடுமை செய்த தந்தையை இழந்தவர்களும் நம் சபையில் உண்டு. அவர்களை அழச் சொல்லவும் வேண்டாம். அழாததற்குக் குற்றஞ்சாட்டவும் வேண்டாம்.

ஐந்தாவது, நினைவு நாளைப் பயன்படுத்த வேண்டும். கத்தோலிக்க உறவினரோடு கலந்து வாழும் அரியாங்குப்பத்தார் இதனை எளிதில் உணர்வர். அவர்களுக்கு மரித்தோருக்கான திருப்பலி உண்டு. மரித்தோருக்காக வேண்டுதல் செய்வதைச் சீர்திருத்தச் சபைகள் விட்டுவிட்டன. அந்நாட்களில் குடும்பம் கூடும் வாய்ப்பையும் அத்துடன் இழந்தோம். முதலாண்டு நிறைவில் பிள்ளைகள் அனைவரையும் கூட்டி நன்றி ஆராதனை நடத்துவது நம் கோட்பாட்டிற்கு மாறானதன்று. அதில் ஒவ்வொருவரும் பெற்றோரிடம் தாம் பெற்ற நன்மை ஒன்றை மற்றவர் கேட்கச் சொல்லட்டும்.

ஆண்டவர் சிலுவையில் இருந்தபோது தம் தாயைச் சீடனிடமும், சீடனைத் தாயிடமும் ஒப்படைத்தார் (யோவா. 19:26-27). மரணத்தின் வேளையிலேயே ஒரு புதிய வீடு அமைக்கப்பட்டது. அச்சீடனும் அந்நேரமுதல் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் மீண்டும் ஏற்றுக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறார்கள். அது தானே நடந்துவிடாது. ஒருவர் முதலில் எழுந்து மற்றவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவரோடு உடன் செல்வது ஆயரின் பணி.