நாற்பது பேர் இருந்தோம்... ஒரு ஃப்ரெண்டு இல்லை!

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாமா?

உங்க செட்டுல மொத்தம் எத்தனை பேர்? கேன்டீன்ல ஒரு டீயை ரெண்டா ஊத்திக் குடிக்கிறவங்க, கடைசி நிமிஷத்துல ரெக்கார்டு நோட்டு கொடுத்துக் காப்பாத்துறவங்க, அரியர் விழுந்தா ‘விடு மச்சி, அடுத்த செம்ல தூக்கிடலாம்’னு தோள்ல கை போடுறவங்க... எண்ணியாச்சா? அதுல ஒரு பொண்ணு வந்து, ‘நான் ஒருத்தரை லவ் பண்றேன்’னு சொன்னா என்ன பண்ணுவீங்க? ‘ட்ரீட் எப்போ?’னு குதிப்பீங்க. சரி, அவ லவ் பண்றது இன்னொரு பொண்ணைன்னு சொன்னா?

இந்தக் கேள்வி எனக்கு நிஜமாவே வந்தது. நான் சொன்ன பதில் ரொம்ப மட்டமானது. அதனாலதான் இந்தக் கட்டுரை.

அனுப்பின லிங்க்... பார்க்காத லிங்க்!

எனக்கு ஊர் இண்டூர். தர்மபுரியில இருந்து பென்னாகரம் பஸ்ஸைப் பிடிச்சா நடுவுல வரும். ஒகேனக்கல் டூர் போனவங்க தூங்கிட்டே தாண்டியிருப்பீங்க. எங்க பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தராவது பெங்களூர்ல வேலையில இருப்பாங்க. எங்க வீட்டுல அஜ்ஜி கன்னடம் பேசுறவங்க. ஸோ, எனக்கும் கன்னடம் அத்துப்படி.

ரெண்டாம் வருஷம் ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பொண்ணு ஒருத்திக்கு இது தெரியும். ஒருநாள் ராத்திரி மெஸ்ல உப்புமாவைக் கிளறிக்கிட்டே, ‘உனக்குத்தான் கன்னடம் புரியுமே, இதைப் பாரேன்’னு ஒரு லிங்க் அனுப்பினா. ‘தி அதர் லவ் ஸ்டோரி’ன்னு ஒரு வெப் சீரிஸ். ‘லவ் ஸ்டோரியா, அய்யோ ஆளை விடு’ன்னு சிரிச்சுட்டு மறந்துட்டேன். அவ அதை எதுக்கு அனுப்பினான்னு யோசிக்கவே இல்லை.

கொஞ்ச நாள்ல அவ போனை யாரோ எடுத்து மெசேஜ் எல்லாம் படிச்சுட்டாங்க. அடுத்த பிளாக்ல இருந்த ஒரு பொண்ணுக்கும் அவளுக்கும் நடுவுல இருந்தது வெறும் ஃப்ரெண்ட்ஷிப் இல்லைன்னு ஒரே ராத்திரியில ஹாஸ்டல் பூரா பரவிடுச்சு. அப்புறம் என்ன? பட்டப்பேரு. அவங்க மெஸ்ஸுக்குள்ள நுழைஞ்சா யாராவது ஒரு டூயட் பாடுவாங்க. எங்க ஃப்ளோர்ல நாற்பது பேர் இருந்தோம். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். அவங்க உட்கார்ற டேபிள்ல வேற யாரும் உட்கார மாட்டாங்க.

விஷயம் வீட்டுக்குப் போச்சு. செமஸ்டர் பாதியில அவங்கப்பா வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போனார். நான் கையில பக்கெட்டோட காரிடார்ல நின்னுட்டிருந்தேன். அவ ஒரு செகண்ட் பார்த்தா. ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறம் அவ நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப்.

(அவளை யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

போன தீபாவளி லீவுல போன்ல இடம் இல்லைன்னு பழைய மெசேஜை எல்லாம் அழிச்சிட்டிருந்தப்போ அந்த லிங்க் கண்ணுல பட்டுச்சு. தர்மபுரி பஸ் ஸ்டாண்ட்ல ஆரம்பிச்சேன். இண்டூர்ல இறங்கினதே தெரியலை.

செல்போன் இல்லாத பெங்களூர்!

2016-ல யூடியூப்ல வந்த சீரிஸ் இது. 12 எபிசோடு. எடுத்தவங்க ரூபா ராவ். பிற்பாடு 2019-ல ‘கண்டுமூட்டே’ன்னு கன்னடத்துல ஒரு ஸ்கூல் படம் எடுத்தாங்களே, அவங்கதான். ஸ்பூர்த்தி குமாஸ்தே, ஸ்வேதா குப்தா ரெண்டு பேரும்தான் ஹீரோயின்கள். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுவாங்க, நம்ம காலேஜ்ல நாம தமிழையும் இங்கிலீஷையும் கலக்குற மாதிரி.

கதை நடக்குறது 1998-ல. ஆத்யா, ஆச்சல்னு ரெண்டு காலேஜ் பொண்ணுங்க. செல்போன் கிடையாது, சாட் கிடையாது. ஹால்ல இருக்குற லேண்ட்லைன், நேர்ல சந்திக்கிற கொஞ்ச நேரம், அவ்வளவுதான். நட்பு எப்போ காதலாச்சுன்னு அவங்களுக்கே தெரியாது. நமக்கும் சட்டுனு தெரியாது. குத்துப்பாட்டு, வில்லன் எதுவும் இல்லை. நம்ம வகுப்புல மூணாவது பெஞ்ச்ல இருக்குற ரெண்டு பொண்ணுங்க மாதிரியே இருக்காங்க.

ஏன் 1998? ரூபா ராவ் மனசுல என்ன இருந்துச்சோ, எனக்கு அந்த வருஷத்தைப் பார்த்ததும் வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. தீபா மேத்தாவோட ‘ஃபயர்’ படம் எடுத்தது 1996-ல. ஷபனா ஆஸ்மியும் நந்திதா தாஸும் ஒரே வீட்டு மருமகள்களா நடிச்சு, ஒருத்தரையொருத்தர் நேசிப்பாங்க. அது இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது 1998 நவம்பர்ல. டிசம்பர்ல மும்பை, டெல்லின்னு தியேட்டர் தியேட்டரா போய் அடிச்சு நொறுக்கினாங்க. அதைக் கண்டிச்சு டெல்லி ரீகல் தியேட்டர் வாசல்ல பெண்கள் திரண்டப்போ, தாங்கள் இந்தியர்கள், லெஸ்பியன்கள், ரெண்டுமேதான்னு எழுதின அட்டையைச் சிலர் தூக்கிப் பிடிச்சாங்க. எவ்ளோ தில்லு பாருங்க!

வீட்டு மொட்டை மாடியில நான் பார்த்துட்டிருந்தப்போ கன்னடம் காதுல விழுந்து அஜ்ஜி வந்து உட்கார்ந்துட்டாங்க. ‘யாரு இந்தப் புள்ளைங்க, இப்படி பயந்து பயந்து பேசுதுங்க?’ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் லவ் பண்றாங்கன்னு சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, ‘அப்போ யாரு கட்டி வெப்பா?’ன்னு கேட்டுட்டு மோட்டார் ஆஃப் பண்ண இறங்கிப் போயிட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

ஒரு கஃபே, ஒரு கேங்!

அடுத்து தேடிப் பிடிச்சு பார்த்தது ‘தி எல் வேர்டு’. அமெரிக்காவுல ஷோடைம் சேனல்ல 2004 ஜனவரியில தொடங்கி 2009 மார்ச் வரைக்கும் 6 சீசன் ஓடின சீரியல். உருவாக்கினது ஐலீன் சைக்கன். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்துல வெஸ்ட் ஹாலிவுட்ல ‘தி பிளானட்’னு ஒரு கஃபே. அங்கே தினமும் கூடுற பெண் தோழிகள்தான் கதை. பெரும்பாலும் லெஸ்பியன்கள்.

நம்ம ஊரு ஏழு மணி சீரியல் மாதிரியே இதுலயும் சண்டை, துரோகம், அழுகை எல்லாம் உண்டு. பெட்டும் டீனாவும் குழந்தை பெத்துக்க அல்லாடுவாங்க. டென்னிஸ் வீராங்கனை டானா, உண்மை தெரிஞ்சா ஸ்பான்சர் ஓடிடுவாங்களோன்னு நடுங்குவா. ஆலிஸ் யார் யாரோட பழகினாங்கன்னு கோடு போட்டு ஒரு பெரிய வரைபடமே வெச்சிருப்பா. நாலாவது சீசன்ல இந்திய வம்சாவளி நடிகை ஜனினா கவங்கரும் வர்றாங்க.

குறை இல்லாமலா? ஏகப்பட்டது! எல்லாரும் மாடல் மாதிரி இருப்பாங்க, காசுக்குப் பஞ்சமே கிடையாது. திருநம்பி பாத்திரத்தைக் காட்டின விதம் தப்புன்னு பலமான விமர்சனம் வந்தது. 2006-ல டானாவைப் புற்றுநோய்ல சாகடிச்சதை ரசிகர்கள் மன்னிக்கவே இல்லை. கடைசி சீசன்ல ஜென்னி எப்படிச் செத்தான்னு சொல்லாமலேயே முடிச்சு வெறுப்பேத்தினாங்க. இருந்தாலும் 2019-ல இருந்து 2023 வரைக்கும் ‘ஜெனரேஷன் க்யூ’ன்னு தொடர்ச்சியா 3 சீசன் வந்ததுன்னா அதுக்கு இருந்த மவுசைப் பார்த்துக்கோங்க.

எனக்கு இதுல பளார்னு அறைஞ்ச விஷயம் காதல் இல்லீங்க. காதல் புட்டுக்கிட்டா மறுநாள் காலையில அந்தக் கஃபேயில அவளுக்காக அஞ்சு பேர் உட்கார்ந்திருப்பாங்க. திட்டுவாங்க, கிண்டல் பண்ணுவாங்க, ஆனா அவ டேபிள்ல உட்கார்ந்து பண்ணுவாங்க! எங்க மெஸ்ல காலியா கிடந்த டேபிள்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அவளுக்குக் காதலி இருந்தா. இல்லாம போனது ஒரு ஃப்ரெண்டு.

தமிழ்ல என்ன நிலவரம்?

வீட்டுல அம்மாவோட உட்கார்ந்து நான் பார்த்த எந்த சீரியல்லயும் இப்படி ரெண்டு பொண்ணுங்க ஹீரோயினா வந்ததில்லை. சினிமா கொஞ்சம் முன்னாடி போயிருக்கு. 2022-ல பா.இரஞ்சித்தோட ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்துல நாடகக் குழுவுக்குள்ள ஒரு பெண் ஜோடி இயல்பா வந்து போகும். அதே வருஷம் கோவிந்த் வசந்தா இசையில ‘மகிழினி’ ஆல்பம் பாட்டு வந்தது. 2025 பிப்ரவரி 14 அன்னிக்கு ‘காதல் என்பது பொதுவுடைமை’ ரிலீஸ் ஆச்சு. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் டைரக்‌ஷன். லிஜோமோல் ஜோஸ் தன் அம்மா ரோகிணிகிட்ட லவ் மேட்டரைச் சொல்லுவா. அம்மாவுக்கு ஜாலி. வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க. வந்து நிக்கிறது ஒரு பொண்ணு! அதுக்கப்புறம் அந்த அம்மா படுற பாடுதான் படம். உங்கம்மாவோட சேர்ந்து பாருங்க.

‘சினிமா வேற, தர்மபுரி வேற’ன்னு நீங்க முணுமுணுக்கிறது கேக்குது. கரெக்ட். 2012 நவம்பர்ல சாதி மாறி நடந்த ஒரு காதல் கல்யாணத்துக்கு அப்புறம் நத்தம் காலனி உள்பட 3 தலித் குடியிருப்புகளை எரிச்ச மாவட்டம் இது. அப்போ நான் ரெண்டாங்கிளாஸ். ‘காதல்’ங்கிற வார்த்தையைச் சொன்னாலே வீட்டுல குரலைத் தாழ்த்தச் சொல்லுவாங்க. ஆணும் பெண்ணும் லவ் பண்றதுக்கே இந்தப் பாடுன்னா, ரெண்டு பொண்ணுங்க யாரை நம்பி வாயைத் திறப்பாங்க?

அஜ்ஜிக்குப் பதில்!

அஜ்ஜி கேட்ட கேள்விக்காக உட்கார்ந்து சட்டம் படிச்சேன். இதைக் கட் பண்ணி நோட்டுல ஒட்டிக்கோங்க!

* 2018 செப்டம்பர் 6: வயது வந்த ரெண்டு பேர் மனசார விரும்பி இணையறது குற்றம் இல்லைன்னு சொல்லி, 377-வது பிரிவின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது.

* 2021 ஜூன் 7: மதுரையில இருந்து வீட்டுக்குப் பயந்து சென்னை வந்த ரெண்டு இளம் பெண்கள் வழக்குல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு. ‘எனக்கே இது பத்தி முழுசா புரியலை’ங்கிற மாதிரி ஒப்புக்கிட்டு, ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு எழுதினார். இப்படிப்பட்டவங்களை ‘மாத்துறேன்’னு சிகிச்சை கொடுக்கத் தடை போட்டார். அந்தச் சிகிச்சை டாக்டர்களுக்கான தொழில் ஒழுக்க மீறல்னு 2022-ல தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிடுச்சு.

* 2023 அக்டோபர் 17: கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்துடுச்சு. அது சட்டம் இயற்றுறவங்க வேலையாம். ஸோ அஜ்ஜி, கட்டி வைக்க இப்போதைக்கு யாரும் இல்லை.

* 2025 மே 22: வீட்டுல அடைச்சு வெச்சிருந்த 25 வயசுப் பொண்ணை அவ விருப்பப்படி போக விட்ட சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்க கல்யாணம் மட்டுமே வழி இல்லைன்னு சொன்னது. தேர்ந்தெடுத்துக்கிட்ட குடும்பமும் குடும்பம்தான்.

இன்னொண்ணு, நமக்கான மேட்டர். 2016-ல யு.ஜி.சி. ராகிங் விதிகளைத் திருத்தினப்போ, ஒருத்தரோட பாலின ஈர்ப்பை வெச்சுக் கிண்டல் பண்றது, ஒதுக்கி வைக்கிறது எல்லாத்தையும் ராகிங்னு சேர்த்துட்டாங்க. அதாவது, மெஸ்ல நாங்க பாடின டூயட்டும் காலியா விட்ட டேபிளும் ராகிங். ‘சும்மா ஜாலிக்கு’ன்னு நாங்க சொல்லிக்கிட்டது எல்லாம் செல்லாது.

இனி நீங்க!

உங்க ஃப்ரெண்டு வந்து சொன்னா பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். முதல்ல சிரிக்காதீங்க. அவ சம்மதம் இல்லாம இன்னொருத்தர்கிட்ட சொல்லாதீங்க, ‘உனக்கு மட்டும் சொல்றேன்’னுகூட. மெஸ்ல அவ டேபிள்ல போய் உட்காருங்க. கிண்டல் எல்லை மீறினா ராகிங் தடுப்பு எண் 1800-180-5522 இருக்கு. சட்ட உதவிக்கு 15100. மனசு ரொம்ப உடைஞ்சிருந்தா 14416-ல தமிழ்லயே பேசலாம்.

அந்தச் சொல்ல நினைக்கிற பொண்ணே நீங்களா இருந்தா? அவசரமே இல்லை. யார்கிட்ட, எப்போ சொல்றதுங்கிறது உங்க கையில. இந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு சிரிக்காம மடிச்சு வைக்கிற ஒருத்தியாவது உங்க ஹாஸ்டல்ல இருப்பா.

கடைசியா, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும்...

நீ அனுப்பின சீரிஸைப் பார்த்துட்டேன். 12 எபிசோடும். ரொம்ப லேட்டுதான். ஸாரிடி. எங்கேயாவது ஒரு மெஸ்ல, ஒரு பஸ் ஸ்டாண்ட்ல உன்னைப் பார்த்தா, இந்தத் தடவை நான் பக்கெட்டைக் கீழே வெச்சுட்டு வருவேன்.