உங்களுக்குத் தெரியுமா? ஒரே சதுரத்துக்குள் ஓர் அதிகாரம்!

இது டீக்காசு கொடுக்க நாம் ஸ்கேன் பண்ணுகிறோமே, அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரத்தின் கதை. அதே க்யூ.ஆர். கோடு காலேஜ் சுவரில் ஏறினால் மொழிப் பாடமே நடத்தும்!

பிறந்த வருடம் 1994. ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா உருவாக்கினார், கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்க! யோசனை எங்கே கிடைத்தது? மதிய இடைவேளையில் ஆடிய ‘கோ’ பலகை ஆட்டத்தில்!

ஆகச் சின்ன க்யூ.ஆர். கோடுக்குள் 441 கட்டங்கள். ஆகப் பெரியதற்குள்? 31,329!

கிழிந்தாலும் அழுக்கானாலும் படிக்கும்! சேதம் 30 சதவீதம் வரை தாங்கும்படி அச்சிடலாம்.

மகாராஷ்டிரத்தின் பரிதேவாடி கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கன்னடம். ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே அந்த மொழியைத் தானே கற்று, பாடங்களை மொழிபெயர்த்து, புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு வைத்தார். 2020இல் உலக ஆசிரியர் பரிசு: 10 லட்சம் டாலர்! அதில் பாதியை இறுதிச்சுற்றுக்கு வந்த மற்ற 9 பேருக்கே பகிர்ந்து கொடுத்துவிட்டார். என்ன மனசு!

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு நுழைந்தது 2018இல். அன்று ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் காலேஜ் வாசலை மிதித்த வருடம் 2025!

திருவனந்தபுரம் கனகக்குன்னு வளாகத்தில் மரங்களே க்யூ.ஆர். கோடு மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஸ்கேன் செய்தால் மரம் தன் பெயரைச் சொல்லும்!

போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே ஓர் ஏலச்செடிக்கு இப்படி மாட்டினால்? அடேயப்பா, எத்தனை மொழி! தாவரவியல் பெயர் ‘எலெட்டாரியா’. அதற்குள் ஒளிந்திருப்பது மலையாளத்து ஏலத்தரி! போடியில் ஏலக்காய் ஏலம் போகிறது. இரண்டும் ஒரே ஏலமா? இல்லவே இல்லை! விலை கேட்கும் ஏலம், ‘லெய்லாவ்’ என்ற போர்த்துகீசியச் சொல். நாம் முதல் ‘ல’வை உதறிவிட்டோம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவைத் தாண்டினால் மலையாளத்தில் இன்றும் ‘லேலம்’தான்!

ஜப்பானியரின் கான்ஜி எழுத்துக்கு க்யூ.ஆர். கோடுக்குள் தனி ஏற்பாடே உண்டு. 1,817 எழுத்துகள் கொள்ளும். தமிழுக்கு அந்தச் சலுகை கிடையாது! யூனிகோடின் UTF-8 முறையில் நம் ‘க’வுக்கு 3 பைட். கால் போட்டு ‘கா’ ஆக்கினால் 6!

இருந்தும் ஜெயிப்பது வள்ளுவர்தான். நானே விரல்விட்டு எண்ணினேன். இடைவெளி உட்பட முதல் குறளுக்கு வெறும் 123 பைட்! ஆகப் பெரிய சதுரம் கொள்வதோ 2,953. பத்துக் குறள், அதாவது ஓர் அதிகாரமே, தாராளமாக அடங்கும்! இணையம் வேண்டாம். டவர் எடுக்காத ஏல மலைச் சரிவிலும் திறக்கும்.

முழுத் திருக்குறளுக்கும் எத்தனை சதுரம்? காலேஜ் சுவரில் இடம் ஒதுக்குங்கள்: அதிகாரத்துக்கு ஒன்றாக 133!