கையகலக் கணிப்பொறி

என் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சிறு பலகை இருக்கிறது. அதன் நீளம் 85 மில்லிமீட்டர். அகலம் 56 மில்லிமீட்டர். ஒரு சீட்டுக்கட்டைவிடப் பெரிதன்று. வீட்டிற்கு வருகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் மாலை வேளைகளில் எங்கள் வீட்டார் காணும் திரைப்படங்களையும், கேட்கும் பாட்டுக்களையும், பழைய குடும்பப் படங்களையும் திரைக்கு அனுப்புவது அந்தப் பலகைதான். அது ஒரு முழுக் கணிப்பொறி. அதன் பெயர் ராஸ்பெர்ரி பை. அதை வாங்கி, வீட்டுப் படப் பெட்டியாக நான் அமைத்த வரலாற்றையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இந்தப் பலகை பிறந்த கதையைக் கூறிவிடுகிறேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயல் பயில வரும் மாணவர்களின் தொகை ஒரு காலத்தில் குறைந்துகொண்டே வந்தது. வந்தவர்களுக்கும் முன்னிருந்தோரைப் போன்ற பயிற்சி இல்லை. இதைக் கண்டு கவலையுற்றவர்களுள் எபன் அப்டன் என்பவர் ஒருவர். முந்திய தலைமுறைச் சிறுவர்கள் கணிப்பொறியைத் தாமே இயக்கி, தாமே ஆணைகளை எழுதிப் பழகியிருந்தார்கள். 1981-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஒலிபரப்புக் கழகம் தன் பெயரையே ஒரு கணிப்பொறிக்கு அளித்து, கணிப்பொறி அறிவை நாடெங்கும் பரப்ப முற்பட்டது. பின்வந்த பொறிகளோ மூடிய பெட்டிகளாகிவிட்டன. அவற்றைத் திறந்து பார்க்கப் பிள்ளைகளுக்குத் துணிவில்லை. கெட்டுவிட்டால் விலை தாங்காது என்ற அச்சம் பெற்றோருக்கு. ஆகவே, கெட்டாலும் பெருநஷ்டம் நேராத விலையில் ஒரு கணிப்பொறி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் எண்ணினர். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் அத்தகைய பலகை விற்பனைக்கு வந்தது. விலை 35 அமெரிக்க டாலர்.

மாணவர்களுக்கென்று செய்த அந்தப் பலகையை வாங்கியவர்களில் பலர் அதைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துப் படம் பார்க்கத் தொடங்கினார்கள். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்த முதற் பலகையின் செயலி 700 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. நினைவகம் 256 மெகாபைட்டு. அக்காலத்து மேசைக் கணிப்பொறிகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய ஆற்றல். அவற்றிலேயே சில, தெளிவு மிகுந்த படத்தை ஓட்டுகையில் திணறின. இவ்வளவு எளிய பலகை எவ்வாறு தடங்கலின்றி ஓட்டியது?

விடை காண்பதற்குச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெளிவு மிகுந்த படத்தின் ஒரு சட்டத்தில், குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உண்டு. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் குறிக்க 3 பைட்டு வேண்டும். நொடிக்கு 25 சட்டங்கள் என்று கொண்டால், ஒரு நொடிப் படத்திற்கு 15 கோடியே 55 லட்சம் பைட்டுக்கு மேல் ஆகிறது. இரண்டரை மணி நேரப் படத்தை இப்படியே சேமித்தால் ஏறத்தாழ 1,400 கிகாபைட்டு இடம் தேவை. ஆனால் நாம் கையாளும் படக் கோப்பு நாலரை கிகாபைட்டு அளவில் அடங்கிவிடுகிறது. அதாவது, ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு!

இந்தச் சுருக்கத்தின் இரகசியம் எளியது. ஒரு முதியவர் வேப்பமரத்தடியில் அமர்ந்து கதை சொல்வதாக ஒரு காட்சி என்று வைத்துக்கொள்வோம். மரமும் சுவரும் திண்ணையும் அடுத்தடுத்த சட்டங்களில் மாறுவதில்லை. அவருடைய உதடும் கையுமே அசைகின்றன. ஆகவே, முதற் சட்டத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தவற்றிற்கு, “மற்றவை முன்போலவே, இந்த இடம் மட்டும் இவ்வளவு நகர்ந்தது” என்று குறித்தாற் போதும். சிறிது இடைவெளிக்கு ஒருமுறை மறுபடியும் ஒரு முழுச் சட்டம் வரும். எச்.264 முதலிய சுருக்க முறைகளின் அடிப்படைகளுள் இது தலையாயது.

சுருக்கியதை விரித்தால்தானே படம்? நொடிக்கு 25 முறை அந்தக் குறிப்புகளைப் படித்து, 20 லட்சம் புள்ளிகளையும் மீண்டும் நிரப்ப வேண்டும். இது ஒரே வகைக் கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. நம் வீட்டுச் சமையலறையை எண்ணிப் பாருங்கள். அரிவாள்மணையால் எத்தனையோ காய்களை விதவிதமாக நறுக்கலாம். ஆனால் தேங்காய் துருவ வேண்டுமானால் துருவலகைத்தான் நாடுகிறோம். துருவலகுக்கு வேறு வேலை தெரியாது. அந்த ஒரு வேலையில் அதை மிஞ்ச அரிவாளால் இயலாது. ராஸ்பெர்ரி பையின் சில்லிலும் இவ்வாறே பொதுச் செயலி ஒருபுறம் இருக்க, படத்தை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்று அமைந்திருந்தது. எளிய செயலி மேற்பார்வை பார்த்தது. கடின வேலையைத் தனிச் சுற்று செய்தது.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். எந்தச் சுருக்க முறைக்கான சுற்று பலகையில் இருக்கிறதோ அந்த முறைக் கோப்புகளே அதில் எளிதாக ஓடும். 2012-ஆம் ஆண்டுப் பலகையில், டிவிடி தட்டுகளில் பயன்படும் எம்பெக்-2 முறைக்கும் சுற்று இருந்தது. ஆனால் அது பூட்டப்பட்டிருந்தது. உரிமத்திற்கென 2.40 பவுன் செலுத்தினால்தான் திறவுகோல் எண் கிடைத்தது. 2019-இல் வந்த நான்காம் வகைப் பலகையில் எச்.265 என்னும் புதிய முறைக்கும் சுற்று சேர்ந்தது. 2023-இல் வந்த ஐந்தாம் வகையிலோ எச்.264 முறைக்கான சுற்றையே நீக்கிவிட்டார்கள். அதன் செயலியே அந்த வேலையைச் சுமக்கும் வலிமை பெற்றுவிட்டது. ஆகவே பலகை வாங்குமுன், “நம்மிடமுள்ள கோப்புகள் எம்முறையில் அமைந்தவை?” என்று பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

இனி நான் செய்த அமைப்புக்கு வருகிறேன். நான் வாங்கியது நான்காம் வகைப் பலகை. அதனுடன் ஒரு நினைவட்டை, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கும் எச்டிஎம்ஐ வடம், வெப்பத்தை வெளியேற்றும் உலோக உறை ஆகியவற்றையும் வாங்கினேன். இப்பலகையில் எச்டிஎம்ஐ துளைகள் சிறியவை. அதற்கேற்ற வடமே பொருந்தும்.

மென்பொருள் இல்லாத கணிப்பொறி உயிரற்ற உடல். படம் ஓட்டுவதற்கு நான் தேர்ந்தது கோடி என்னும் மென்பொருள். 2002-ஆம் ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பொறிக்கெனத் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சி அது. 2014-இல் இப்பெயர் பெற்றது. இலவசமாகக் கிடைக்கும். அதன் மூல ஆணைகளை யாரும் படிக்கலாம்; திருத்தலாம். கோடி தன்னுடன் எந்தப் படத்தையும் கொண்டுவருவதில்லை. நமக்கு உரிமையுள்ள படங்களை நாமே சேர்க்க வேண்டும். கோடியை இயக்குவதற்கு வேண்டிய அளவே கொண்ட சிறு இயங்குதளம் லிப்ரெஎலெக். 2016-ஆம் ஆண்டில், ஓபன்எலெக் என்ற முயற்சியிலிருந்து கிளைத்தது.

வேறொரு கணிப்பொறியின் உதவியால் லிப்ரெஎலெக்கை நினைவட்டையில் பதிக்க வேண்டும். சாதாரணக் கோப்பைப் படியெடுப்பது போன்றதன்று இது. அட்டை முழுவதும் புதிதாக எழுதப்படும், முன்பிருந்தவை அழிந்துபோகும். பின் அட்டையைப் பலகையில் செருகி, வடத்தை இணைத்து, மின்சாரம் கொடுத்தால் சிறிது நேரத்தில் திரையில் கோடி தோன்றும். படங்கள் இருக்கும் இடத்தை அதற்குக் காட்டவேண்டும். கோப்பின் பெயரில் படத்தின் பெயரையும், அடைப்புக்குறிக்குள் வெளிவந்த ஆண்டையும் எழுதிவைத்தால், இணையத்திலுள்ள பட்டியலில் தேடி, விளம்பரப் படத்தையும் கதைச் சுருக்கத்தையும் கோடி தானே கொணர்ந்து வைக்கும். தனிக் கட்டுப்படுத்தி வாங்கவும் தேவையில்லை. எச்டிஎம்ஐ வடத்திலேயே கட்டளைகள் செல்ல ஒரு கம்பி உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியில் அந்த வசதி இருந்தால், அதன் கட்டுப்படுத்தியே கோடியையும் இயக்கும். என் தாயார் முதல் நாளே பழகிக்கொண்டார்.

இவ்வளவும் ஒரு மாலைப் பொழுதில் முடிந்தது. என் அறியாமை வெளிப்பட்டது பிறகுதான்.

என் தந்தையார் பள்ளியாசிரியர். ஓய்வு பெற்ற பின் பேரப்பிள்ளைகளுக்கு அவர் கதை சொன்னதை மூன்று ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருந்தோம். அவர் மறைந்தபின், அவற்றை ஓடவிட்டுக் கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றினேன். மூன்றாவது நாடா ஓடி முடியும் தறுவாயில் சிக்கி, பல துண்டுகளாக அறுந்தது. “கோப்பாகிவிட்டதே, இனி நாடா எதற்கு?” என்று அதை எறிந்துவிட்டேன். கோப்புகளைப் பலகையின் நினைவட்டையில் ஏற்றி, பழைய கணிப்பொறியிலிருந்தவற்றை இடம் போதாமல் அழித்தேன்.

மின்சாரத்திற்கோ, வீட்டில் கிடந்த பழைய கைப்பேசி மின்னேற்றியைப் பயன்படுத்தினேன். திரையின் மூலையில் அடிக்கடி ஒரு சிறு மின்னல் குறி தோன்றி மறைந்தது. நான் பொருட்படுத்தவில்லை. அந்தக் குறி, “எனக்கு மின்னழுத்தம் போதவில்லை” என்று பலகை விடுத்த முறையீடு. அதற்கு வேண்டியது 5 வோல்ட், 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குறி தோன்றும். நீங்கள் படித்த ஓமின் விதியைக் கொண்டே இதைக் கணக்கிடலாம். மெல்லிய வடத்தின் மின்தடை 0.2 ஓம் என்றும், ஓடும் மின்னோட்டம் 2 ஆம்பியர் என்றும் கொள்வோம். வடத்திலேயே 0.4 வோல்ட் குறைந்துவிடுகிறது. எஞ்சுவது 4.6. கைப்பேசிக்கு இது கேடன்று. மெதுவாக மின்னேறும், அவ்வளவே. கணிப்பொறியால் அவ்வாறு காத்திருக்க இயலாது.

தந்தையாரின் முதலாண்டு நினைவு நாளன்று உறவினர் கூடியிருந்தனர். அவர் குரலைக் கேட்கலாம் என்று பலகையை இயக்கினேன். கதை நடுவில் பலகை நின்று, மீண்டும் தொடங்கியது. இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தது. பொறுமையிழந்து மின்வடத்தைப் பிடுங்கினேன். அட்டையில் ஏதோ எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளை போலும். மறுபடி இணைத்தபோது அட்டையைப் படிக்க முடியவில்லை. பிறகு எவ்வளவோ முயன்றும் பயனில்லை.

இரண்டு நாடாக்கள் இருந்தன. அவற்றை மீண்டும் கோப்பாக்கினேன். மூன்றாவது போனது போனதுதான். என் தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “இருக்கிறதையாவது பத்திரமாக வைடா” என்றார். அச்சொல் கடிந்துகொண்டதைவிட என்னை அதிகமாகச் சுட்டது.

அதன்பின் அமைப்பை மாற்றினேன். 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரவல்ல, இப்பலகைக்கென்றே செய்த மின்வழங்கியை வாங்கினேன். மின்னல் குறி மறைந்தது. நினைவட்டையில் இயங்குதளம் மட்டுமே; படங்களும் ஒலிக்கோப்புகளும் தனி வன்தட்டில். அந்த வன்தட்டுக்கும் தனி மின்சாரம். தந்தையாரின் குரலுக்கு இன்னொரு படி என் தங்கையின் வீட்டில் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்துமுன் கோடியின் பட்டியலிலுள்ள நிறுத்தக் கட்டளையைக் கொடுக்கிறேன். இனி அட்டை பழுதானால் அரை மணி நேரம் வீணாகும், வேறொன்றும் போகாது.

மாணவ நண்பர்களே, இந்தச் சிறு பலகை பெரும் வேலையைச் செய்வதற்குக் காரணம், வேலையைப் பகுத்து உரியதற்கு உரியதைக் கொடுத்திருப்பதுதான். நானோ அதைச் சுற்றி அமைத்ததில் அந்த நெறியை மறந்தேன். எல்லாவற்றையும் ஓர் அட்டையில் குவித்தேன். நீங்களும் இத்தகைய பலகை ஒன்றை வாங்கி, அச்சமின்றிப் பழகுங்கள். பிழை நேர்ந்தால் வருந்த வேண்டாம். பிழை செய்து கற்பதற்கென்றே அது மலிவாக விற்கப்படுகிறது. பலகை போனால் வேறு வாங்கலாம். அதில் நீங்கள் வைக்கப்போகும் பொருளில் மீண்டும் வாங்க முடியாதது எது என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டாவது படி எடுத்து வேறோர் இடத்தில் வைத்துவிட்டு, பிறகு பலகைக்கு மின்சாரம் கொடுங்கள்.