தலை தாங்கும் பாரம்
டோக்கோ (மூங்கில் கூடை), நாம்லோ (சணல் பட்டை), தோக்மா (மரக் கைத்தடி). நேபாளம்.

இமயமலைப் பாதைகளில் சுமைதூக்குவோரின் முதுகுப்பை இது. கூம்பு வடிவக் கூடைக்குத் தோள்வார் கிடையாது. அடியைச் சுற்றி வரும் நாம்லோ தலையின் முன்பக்கம் பதிய, பாரம் கழுத்து வழியே முதுகெலும்பில் இறங்குகிறது. பட்டையின் அகன்ற நடுப்பகுதியைப் பாருங்கள். கயிறு தலையை அறுக்காமல் காப்பது அதுதான். மூச்சு வாங்கினால், 'டி' வடிவத் தோக்மாவைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே இளைப்பாறுவார்கள்.

எவரெஸ்ட் வழியிலுள்ள நாம்சே சந்தைக்குச் சுமை கொண்டுசென்றவர்களைப் பற்றிய ஆய்வு 2005இல் வெளியானது. ஆண்கள் தம் உடல் எடையில் சராசரியாக 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தார்கள். மலையேற்றப் பயணங்களின் கூடாரமும் அரிசியும் மேலே போய்ச் சேர்வதில் இவர்களின் உழைப்பு பெரிது. சிகரம் தொட்டவர்களோடு சேர்த்துப் போற்றப்பட வேண்டியவர்கள் இவர்கள்.