கருவிலேயே பிடித்துக்கொள்ளும் கழிச்சல்

1946-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சில பால் பண்ணைகளில் மாடுகள் திடீரென்று தீவனத்தை ஒதுக்கத் தொடங்கின. காய்ச்சல், தண்ணீர் போன்ற கழிச்சல், வாய்க்குள் புண், ஓயாமல் ஒழுகும் எச்சில் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பால் சட்டென்று குறைந்தது. மாடு தேறிவிட்டது என்று ஆறுதலடைந்த பிறகு, பத்து நாள் முதல் மூன்று மாதத்துக்குள் சினைமாடுகள் கன்று வீசின. இத்தாக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஒலாஃப்சன், மெக்கல்லம், ஃபாக்ஸ் மூவரும் இந்த மாடுகளின் இரத்தத்தைப் பார்த்தபோது வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

இந்த அறிகுறிகள் வெக்கை நோயை நினைவூட்டின. நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தொழுவங்களைக் காலி செய்த அதே வெக்கைதான். அது உலகிலிருந்து ஒழிந்துவிட்டது என்ற அறிவிப்பு 2011-இல்தான் வந்தது. ஆனால் வெக்கை புகுந்த மந்தையில் பெரும்பாலான மாடுகள் சாகும். நியூயார்க் பண்ணைகளிலோ மூன்றில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒன்பது பங்கு வரை மாடுகள் படுத்தும், செத்தவை நூற்றுக்கு நான்கு முதல் எட்டுதான். இந்தப் புது நோயிலிருந்து தேறிய மாடுகளுக்கு வெக்கையைத் தாங்கும் எதிர்ப்பும் இல்லை. ஆக, இது வேறொரு வைரஸ். இன்று இதை மாட்டு வைரஸ் கழிச்சல் நோய், சுருக்கமாக பி.வி.டி. என்கிறார்கள். பன்றிகளைத் தாக்கும் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் வைரஸ் இதற்கு நெருங்கிய சொந்தம். டெங்கு வைரஸும் ஹெபடைட்டிஸ் சி வைரஸும் தூரத்துச் சொந்தம். மனிதரை இது தாக்குவதில்லை.

சாதாரணமாக இந்த வைரஸ் தொற்றிய மாடு ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடும். பல மாடுகளில் நோய் வந்து போனதே தெரியாது. தேறிய மாட்டுக்கு அந்த வைரஸின் மீது நெடுங்கால எதிர்ப்பும் கிடைத்துவிடும். அப்படியென்றால் எல்லா மாட்டுக்கும் ஒரு சுற்று வந்து போனபின் நோய் தானாக ஓய வேண்டும். ஓய்வதில்லை. அதே பண்ணையில் மறுபடி மறுபடி கன்று வீச்சு, இளங்கன்றுகளுக்குக் கழிச்சல், நிமோனியா. ஏன் என்று புரிய நாற்பது ஆண்டுக்கு அருகில் ஆனது. இந்த நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்த விடையில்தான் இருக்கிறது.

விடை சினைமாட்டின் வயிற்றில் இருக்கிறது. சினைப்பிடித்த முதல் நான்கு மாதங்களுக்குள் தாய்ப்பசுவுக்கு வைரஸ் தொற்றினால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகும். அந்தக் கட்டத்தில்தான் கருவின் எதிர்ப்பு மண்டலம் எது தன் உடல், எது அந்நியம் என்று பழகிக்கொண்டிருக்கிறது. அப்போது உடம்புக்குள் இருக்கும் வைரஸையும் அது தன்னைச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. கரு கலையாமல் பிழைத்துப் பிறந்தால், அந்தக் கன்று சாகும்வரை வைரஸை எதிர்க்காது. எச்சில், மூக்குச்சளி, சாணம், மூத்திரம், பின்னாளில் பால், காளையாக வளர்ந்தால் விந்து, எல்லாவற்றிலும் ஓயாமல் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தாய்ப்பசுவோ லேசான காய்ச்சலோடு எப்போதோ தேறியிருக்கும்.

சினையின் நடுக்கட்டத்தில் தொற்றினால் மூளையிலோ கண்ணிலோ குறையோடு கன்று பிறக்கலாம். அதற்கும் பிந்தித் தொற்றினால் கருவே வைரஸை எதிர்த்து ஒழித்துவிட்டு, பெரும்பாலும் நல்லபடியாகப் பிறக்கும்.

இப்படி வைரஸோடு பிறந்த கன்றுகளில் சில சோனியாக, வளர்ச்சி குன்றி நிற்கும். பல கன்றுகள் மற்ற கன்றுகளைப் போலவே துள்ளித் திரியும். பண்ணைக்காரர் அதை ஆசையாக வளர்ப்பார், நல்ல கிடாரி என்று இன்னொருவருக்கு விற்பார். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், வந்து தேறிய மாடுகளெல்லாம் நோய் பட்டவையாகத் தெரியும். உண்மையில் நோயைப் பரப்பும் கன்று பெரும்பாலும் சுத்தமான மாடாகத் தெரியும். எதிர்ப்பே உருவாகாத கன்றல்லவா! அதனால் வைரஸையே தேடும் சோதனை வேண்டும். சீம்பால் குடித்த இளங்கன்றின் இரத்தத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் வைரஸை மறைத்துவிடலாம் என்பதால், காது மடலிலிருந்து ஒரு துணுக்குத் தோல் எடுத்துச் சோதிப்பது நல்ல வழியாக நிலைத்தது. காதில் எண் வில்லை மாட்டும்போதே அந்தத் துணுக்கையும் எடுத்துக்கொள்ளும் வில்லைகள் வந்துவிட்டன.

இந்தக் கன்றுகளுக்கு இன்னொரு கொடுமையும் காத்திருக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆய்வாளர்கள் ராம்சியும் சிவர்ஸும், வாயிலிருந்து குடல்வரை சவ்வெல்லாம் புண்ணாகி, கடுங்கழிச்சலில் மாடுகள் சாகும் ஒரு நோயை விவரித்தார்கள். மந்தையில் சில மாடுகளுக்கே வரும். வந்தால் ஏறக்குறைய ஒன்றுகூடப் பிழைக்காது. பின்னால் இதுவும் பி.வி.டி. வைரஸின் வேலைதான் என்று தெரிந்தது. ஆனால் அந்த வைரஸை எடுத்து நல்ல மாட்டுக்குச் செலுத்தினால் லேசான காய்ச்சல்தான் வந்தது. 1984-இல் இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வகத்தில் ஜோ பிரவுன்லியும் உடன் பணிபுரிந்தவர்களும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். கருவிலேயே வைரஸை ஏற்றுக்கொண்ட கன்றுக்குள், அதே வைரஸின் செல்களைக் கொல்லும் வடிவமும் சேரும்போதுதான் இந்தச் சாவு நேர்கிறது. உள்ளே இருக்கும் வைரஸே உருமாறி அந்த வடிவத்தைப் பெறுவதும் உண்டு. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் நடக்கிறது. மருந்து இல்லை.

இந்த வைரஸின் எல்லா வகையும் சாதுவானதல்ல. 1993-இல் கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் இரண்டாம் வகை பி.வி.டி. வைரஸ் பரவியபோது வளர்ந்த மாடுகள்கூட இரத்தக்கசிவோடு செத்தன. கியூபெக்கில் இறைச்சிக்காக வளர்த்த கன்றுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போயிற்று.

தடுப்பூசி உண்டு. அமெரிக்காவில் நெடுங்காலமாகப் போடுகிறார்கள். அங்கே நோய் இன்னும் இருக்கிறது. கொட்டகைக்குள் ஒரு கன்று இரவும் பகலும் வைரஸைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, தடுப்பூசி போட்ட சினைமாட்டின் கருவை முழுதாகக் காப்பது கடினம். என் பார்வையில் சரியான வழியைக் காட்டியவை ஸ்காண்டிநேவிய நாடுகள்தான். நார்வே 1992-இலும் சுவீடன் 1993-இலும் டென்மார்க் 1994-இலும் தடுப்பூசி இல்லாமலே ஒழிப்புத் திட்டத்தில் இறங்கின. முதலில் பண்ணையின் மொத்தப் பால் தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து, அங்கே வைரஸ் நடமாடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். நடமாட்டம் தெரிந்த பண்ணைகளில் ஒவ்வொரு மாடாகச் சோதித்து, வைரஸைச் சுமக்கும் மாடுகளை நீக்கினார்கள். சுத்தமான பண்ணைக்குள் சோதிக்காத மாடு நுழையாமல் பார்த்துக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்து 2008-இல் நாட்டின் எல்லா மாடுகளையும், ஏறத்தாழ 16 லட்சம், சோதித்தது. அயர்லாந்து 2013-இல் பிறக்கும் எல்லாக் கன்றுக்கும் காதுத் துணுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. முதல் ஆண்டில் ஆயிரம் கன்றுக்கு ஆறேழு சிக்கின. ஆயிரத்தில் ஆறேழு என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். ஒரு மந்தையை நோயில் வைத்திருக்க ஒரே கன்று போதும்.

நோயில்லாத கன்றைப் போலவே ஓடியாடும் ஒன்றைப் பிரித்து அனுப்புவது வளர்த்தவருக்கு வலிக்கும். தயங்கி வைத்திருந்த பண்ணைகளும் உண்டு. அங்கே அடுத்த பருவத்துச் சினைமாடுகள் அதன் பக்கத்திலேயே கட்டப்பட்டு, வைரஸோடு பிறக்கப்போகும் அடுத்த தலைமுறைக் கன்றுகளைச் சுமந்தன.

இந்தியாவிலும் மாடுகளிலும் எருமைகளிலும் இந்த வைரஸின் தடம் கண்டறியப்பட்டிருக்கிறது. வெளியூரிலிருந்து மாடு வாங்கும் எவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாங்குகிற சினைமாட்டைச் சோதித்து, வைரஸ் இல்லை என்று தெரிந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அந்த மாடு நாலைந்து மாதம் முன்பு தொற்றித் தேறியதாக இருக்கலாம். வயிற்றிலிருப்பது வைரஸைச் சுமக்கும் கன்றாக இருக்கலாம். ஈனும்வரை அதைத் தனியே கட்டி, பிறந்த கன்றின் காதுத் துணுக்கைச் சோதித்து, வைரஸ் இல்லை என்று முடிவு வந்த பிறகே இரண்டையும் மற்ற மாடுகளோடு சேர்க்க வேண்டும்.