ஆட்டோ கியர் கார் வாங்குகிறீர்களா?



தோட்டத்திலிருந்து சிரம்பானுக்கு வேலைக்குப் போகவேண்டும் என்றுதான், சேமித்த வெள்ளியைப் போட்டுப் பழைய கார் வாங்குகிறோம். பளபளக்கும் பெயிண்டைப் பார்க்கிறோம், கியர்பெட்டியை மறந்துவிடுகிறோம்!

விற்பவரிடம், "நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிரேக்கை மிதித்தபடி 'டி', பிறகு 'ஆர்' போடுங்கள். கியர் விழ இரண்டு மூன்று விநாடி தாமதித்தாலோ, 'டொக்' என்று குலுங்கினாலோ எச்சரிக்கை.

சில குறைகள் சூடேறிய பிறகே தெரியும். அரை மணி நேரம் ஓட்டி, புக்கிட் புத்துஸ் போன்ற ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் இரைந்தும் வேகம் கூடவில்லையா? உள்ளே வழுக்குகிறது என்று பொருள். கியர் எண்ணெய் கருத்து, கருகல் வாடை அடித்தால் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு, கார் பெயரை மட்டும் சொல்லி எண்ணெய் மாற்றாதீர்கள். 2011இல் சி.வி.டி. கியர்பெட்டி பெற்ற சாகா, 2019இல் 4 கியர் ஆட்டோவுக்குத் திரும்பியது. மைவியோ 2021இல் சி.வி.டி.க்கு மாறியது. இரண்டு வகைக்கும் எண்ணெய் வேறு. மாற்றி ஊற்றினால் கியர்பெட்டியே போய்விடும். கையேட்டில் உள்ள எண்ணெயையே, அதில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள்.

எண்ணெயில் மிச்சம் பிடித்தவர் கியர்பெட்டிக்குக் கடன் வாங்குவார்.