100 குழின்னா எத்தனை சென்ட்?

விருதுநகர்ல பூ வாங்கியிருக்கீங்களா? பூக்கார அக்கா முழங்கையில ஆரம்பிச்சு நடுவிரல் நுனி வரைக்கும் சரத்தை அளப்பாங்க. அதுதான் முழம். கை மாறினா முழமும் மாறும். பூவுல அந்த வித்தியாசம் ரெண்டு மொட்டோட முடிஞ்சுடும். சிவகாசிப் பட்டாசு ஆலையில முடியாது. ஷெட்டுக்கு ஷெட் எவ்வளவு தள்ளி இருக்கணும்னு வெடிபொருள் விதிகள் மீட்டர்லதான் சொல்லுது. நிலத்துலயும் முடியாது.

போன மாசம் அம்மா ஒரு பழைய பத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாங்க. அவங்க பூர்வீகம் தஞ்சாவூர் பக்கம். "100 குழி"ன்னு இருந்துச்சு. எங்க கரிசக்காட்டுல பேச்சே ஏக்கர், சென்ட்தான், அதனால "சென்ட்ல சொல்லுடா"ன்னாங்க. நான் ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதினேன். ஒரு குழி 144 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. விடை 33 சென்ட். மாமாகிட்ட பெருமையா சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தக் கோல், மாப்ள?"

கோல்னா நிலம் அளக்கிற கம்பு. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம்தான் ஒரு குழி. 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். சோழர் காலக் கல்வெட்டுகள்ல 12 சாண் கோல், 16 சாண் கோல்னு வேற வேற கோல்கள் வருது. சாணை 9 அங்குலம்னு எடுத்தா 16 சாண் கோல் சரியா 12 அடி. குழி 144 சதுர அடி. டெல்டாவுல இன்னைக்கும் புழங்குற கணக்கு இதுதான்; 2000 குழி ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். ஆனா 12 சாண் கோல்னா 9 அடிதான். குழி 81 சதுர அடியா சுருங்கிடும்!

கோலை விடுங்க, சாணே அரை அங்குலம் கம்மின்னு வைங்க. 16 சாண் கோல் 11 அடி 4 அங்குலம். குழி சுமார் 128 சதுர அடி. 100 குழியில 1,556 சதுர அடி காணாமப் போகுது. மூன்றரை சென்ட், அதாவது ஒரு வீட்டு மனை. நீளத்துல இருந்த தப்பையும் சேர்த்து ஸ்கொயர் பண்றோம்ல, அதான்.

இதனாலதான் கோலோட நீளத்தைப் பல கோயில்கள்ல கல்லுலயே குறி போட்டு வெச்சிருக்காங்க. சந்தேகம்னா கம்பை அங்க வெச்சுப் பார்த்துக்கலாம். இணையத்துல 'க்யூபிட்'னு தேடி வர்ற எண்ணை நம்ம முழத்துக்குப் போட்டுடாதீங்க. எகிப்தோட அரச முழம் 28 விரல், 52 செ.மீ.க்கு மேல. நம்மது 24 விரல், சுமார் 46 செ.மீ.

இப்போ என் ஃபங்ஷனுக்கு எத்தனை சாண் கோல், சாண் எத்தனை அங்குலம்னு ரெண்டும் சொல்லணும். இல்லைன்னா எரர்தான். அம்மா பத்திரத்துல கோல் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நல்லவேளை, சர்வே நம்பர் இருக்கு. அதை வெச்சுப் புலப்படத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கோம். வந்ததும் அடுத்த எபிசோடுல சொல்றேன்.